மழை வந்தால் நிறுத்து, பால் வற்றிய மரத்தைத் தாண்டு

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 2017இல் முதல் படிவத்துக்கு அடிப்படைக் கணினி அறிவியல் வந்தது. அதைப் படிக்கும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது நிபந்தனையிலும் சுழற்சியிலும்தான். லூப் என்று அவர்கள் சொல்வது இந்தச் சுழற்சியைத்தான். செனாவாங் வட்டாரத்தில் தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டிய வீடாக இருந்தால், இரண்டையும் அந்த வேலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

விடியுமுன் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூடிப் பெயர் கொடுப்பது. மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. நனைந்த பட்டையில் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழியும், பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததிலும் தண்ணீர் கலந்துவிடும். 'மழை என்றால் வீட்டுக்குப் போ, இல்லை என்றால் வெட்டப் போ' என்பது நிபந்தனை. ஒருவர் பங்குக்கு 400 மரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மரத்திலும் அதே வேலையைச் செய்து அடுத்த மரத்துக்கு நகர்வது சுழற்சி.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே இருக்கின்றன. அதில் எழுதினால் இப்படி வரும்:

மரம் = 1
@( மரம் <= 400 ) வரை
    @( மழை == 1 ) ஆனால்
        நிறுத்து
    முடி
    பதிப்பி மரம், "வெட்டியாச்சு"
    மரம் = மரம் + 1
முடி

அடைப்புக்குள் இருப்பது உண்மையாக இருக்கும்வரை 'வரை'க்கும் கடைசி 'முடி'க்கும் இடையிலுள்ள வரிகள் திரும்பத் திரும்ப ஓடும். <= என்பதை < என்று மாற்றிப் பாருங்கள்: 400ஆவது மரம் வெட்டப்படாமல் நிற்கும். அனுபவசாலிகளும் செய்கிற பிழை இது.

மழையை எங்கே சோதிக்கிறோம் என்பதுதான் என் பார்வையில் முக்கியமான பாடம். சுழற்சிக்கு வெளியே சோதித்தால் அது பெரட்டில் ஒருமுறை வானத்தைப் பார்ப்பதோடு சரி; 150ஆவது மரத்தில் மழை கொட்டினாலும் நிரல் வெட்டிக்கொண்டே போகும். உள்ளே வைத்தால் ஒவ்வொரு மரத்திலும் பார்க்கும். மழையின் மதிப்பைப் புதுப்பிக்கும் வரியை மேலே நான் எழுதவில்லை. அதுவும் சுழற்சிக்குள்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் நிரல் விடியற்காலை வானத்தையே நாள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும்.

சில மரங்களில் பால் வற்றியிருக்கும். அதற்காக வேலையையே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்; அந்த மரத்தைத் தாண்டிப் போவார்கள். எழிலில் இதற்குச் சொல் 'தொடர்'. 'நிறுத்து' சுழற்சியை விட்டே வெளியேற்றும். 'தொடர்' இந்தச் சுற்றின் மீதியை மட்டும் விட்டுவிட்டு மேலே உள்ள சோதனைக்குத் திரும்பும். பைத்தான், ஜாவா, சி மொழிகளிலும் இந்த இரண்டு கட்டளைகளும் உண்டு, பெயர்தான் வேறு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மழைச் சோதனைக்குக் கீழே 'பால் வற்றியிருந்தால் தொடர்' என்று சேர்த்தால் என்ன ஆகும்? 'தொடர்' வந்ததும் 'மரம் = மரம் + 1' என்ற வரி ஓடாது. 37ஆவது மரம் வற்றியிருந்தால், நிரல் திரும்பவும் 37க்கே வரும், திரும்பவும் வற்றியிருக்கும், திரும்பவும் 37. மழை வந்து காப்பாற்றினால் உண்டு. முடிவில்லாச் சுழற்சி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. 'தொடர்' என்பதற்கு முன்னாலேயே எண்ணைக் கூட்டிவிட்டால் சரியாகும்.

நிரலை ஓட்டுவதற்கு முன் 400க்குப் பதில் 3 என்று போட்டு, இரண்டாவது மரம் வற்றியது என்று வைத்துக்கொண்டு, ஒரு தாளில் 'மரம்' என்பதன் மதிப்பை ஒவ்வொரு வரிக்கும் எழுதிப் பாருங்கள். 2லிருந்து அது நகராவிட்டால் பிழை எங்கே என்று தாளிலேயே தெரிந்துவிடும்.