குழாயில் வருவதும் சிற்றாற்றுக்குப் போவதும்

திரிகூட மலையில் பெய்யும் மழை குற்றாலத்தில் அருவியாக விழுகிறது. சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டு ஓடுகிறது. வயலுக்கும் குளத்துக்கும் போனது போக மீதி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு அதுதான் குடிதண்ணீர். தென்காசியில் ஒரு சாக்கடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தென்காசியோடு முடிந்துவிடுகிற விஷயமில்லை.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் தீர்மானம் ஒரு நகர்மன்றத்துக்கு வந்தால், “எப்போ தண்ணி வரும்?” என்றுதான் வார்டு மக்கள் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: வந்த தண்ணீர் எங்கே போகும்?

கணக்கைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியின் மக்கள்தொகை 70 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத நகரத்தில் 70 லிட்டர் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் அளவு. 135 லிட்டர் வீதம் 70 ஆயிரம் பேருக்கு 94.5 லட்சம் லிட்டர் வேண்டும். வீட்டுக்குள் போகும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துத்தான் சாக்கடையை வடிவமைக்கிறார்கள். அப்படியானால் தினமும் சுமார் 75 லட்சம் லிட்டர் கழிவுநீருக்கு வழி சொல்ல வேண்டும். வழி சொல்லாவிட்டால் அது ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்குப் போகும். குடிநீர் நிலையத்துக்கு ஒதுக்கும் பணத்தோடு கழிவுநீர் நிலையத்துக்கும் இடமும் பணமும் ஒதுக்காத தீர்மானம் பாதித் தீர்மானம்தான்.

குற்றாலத்துக்கு இந்தக் கணக்கும் போதாது. அது சின்னப் பேரூராட்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் அங்கே குவியும் கூட்டத்துக்கும் ஊர் மக்கள்தொகைக்கும் சம்பந்தமே இல்லை. விடுதிகளின் கழிவுநீரையும் சேர்க்காமல் போடும் திட்டம், ஊருக்குத் தேவைப்படும் மாதங்களில்தான் கைவிடும். அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். குளிக்க வருகிறவர்களுக்கும் அந்தத் தண்ணீரில் பொறுப்பு உண்டு.

மலைத் தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கை இந்தப் பகுதியில் ஆழமாக இருக்கிறது. ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலையாறு அப்படி நிமிடங்களில் மாறும். தெளிந்து ஓடிய தண்ணீர் மண்ணும் சருகும் விலங்குக் கழிவும் சுமந்து செந்நிறமாக வரும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதுதான் உண்மையான சோதனை. படிகாரம் போட்டு மண்ணைத் திரட்டி, தொட்டியில் படியவிட்டு, மணல் வடிகட்டியில் செலுத்தி, கடைசியில் குளோரின் கலப்பது வழக்கமான முறை. வெள்ள நாளில் படிகார அளவை உடனுக்குடன் மாற்றத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நிலையமும் இருந்தது, குளோரினும் இருந்தது. ஒரு நிலையத்தில் வடிகட்டுதல் பிசகிக் கலங்கல் கூடியது; குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் குழாய்க்குள் போனது. சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அதனால், கட்டுமானச் செலவு எவ்வளவு என்று கேட்பதோடு, கட்டிய பிறகு நடத்த ஆண்டுக்கு எவ்வளவு, இரவுப் பணியில் யார், சோதனைக்கூடம் உள்ளேயே உண்டா என்றும் மன்றத்தில் கேட்க வேண்டும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் குழாய் காலியாகும்போது, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுபடும். வீட்டு மோட்டாரை நேராக லைனில் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் அந்த ஆபத்தைத் தெருவுக்கே கூட்டுகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி, குளோரின் கலந்து அனுப்பிய தண்ணீரில் மீதமிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி பாக்டீரியா துளியும் இருக்கக் கூடாது; கலங்கல் 1 அலகுக்குள், மாற்று நீராதாரமே இல்லாவிட்டால் 5 வரை. தொட்டிக்குப் பக்கத்தில் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தெருக்கோடியில் உள்ள கடைசி வீட்டுக் குழாயில் சோதிக்கச் சொல்லுங்கள். மீதமிருக்கும் குளோரினைக் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் கேட்க மக்களுக்கு என்ன உரிமை? அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணை, குடிநீரையும் சுகாதாரத்தையும் நகராட்சிகளின் பணிகளாகச் சொல்கிறது. மாசற்ற நீர், வாழ்வுரிமையான 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்பே, 1980-இல் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி வழக்கில், திறந்த சாக்கடையைச் சீரமைக்கப் பணமில்லை என்ற நகராட்சியின் வாதத்தை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. அந்த வழக்கைத் தொடங்கிவைத்தது ஒரு தெருவின் மக்கள், உட்கோட்ட நடுவரிடம் கொடுத்த மனு. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது: குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின்கீழ், பொதுத்தொல்லையை அகற்றக் கோரிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

ஆனால் அதுவரை போகாமலே நிறைய செய்ய முடியும். 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர் அங்கே பேச வேண்டிய முதல் பொருள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, விரிவான திட்ட அறிக்கையையும் மன்றத் தீர்மானத்தையும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பொருட்களின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட அதே சட்டம் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாத, மிகவும் பயன்படக்கூடிய உரிமை. குழாயில் நாற்றமோ நிறமோ இருந்தால், எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் அடுத்த படிகள். தண்ணீர் வழங்கல், துப்புரவு தொடர்பான பிணக்குகளை நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணமில்லாமல் கொண்டு போகலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழி காட்டும். ஆற்றில் கழிவு கலந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

தாமிரபரணி மாசு தொடர்பான வழக்கில், 2024 நவம்பர் 10 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி. புகழேந்தியும் நெல்லைக்கே வந்து, கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களை நேரில் பார்த்தார்கள். ஒரு நகரம் கழிவுநீருக்கு உரிய காலத்தில் வழி செய்யாவிட்டால் விஷயம் அந்த அளவுக்குப் போகும். அங்கே கழிவு வந்து சேர்ந்த பிறகு நீதிமன்றம் பார்க்க வேண்டியிருந்தது. சிற்றாற்றங்கரை மக்களுக்கு அதற்கு முன்பே பேச வாய்ப்பிருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபைத் தேதியைக் கேளுங்கள். குடிநீர்த் திட்டத்தோடு கழிவுநீர்த் திட்டமும் மன்றத்துக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் பதிவானதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.