கலபார் அவரையின் விஷம்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவைச் சேர்ந்த கலபார் பிரதேசத்தில், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒருவகைக் கொடியின் விஷ விதையைப் புகட்டி, அதை வாந்தியெடுத்துப் பிழைத்தவனை நிரபராதி என்றும், மாண்டவனைக் குற்றவாளி என்றும் தீர்மானிக்கும் விபரீதமான வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் எஃபிக் மக்களிடையே நிலவிற்று. அவ்விதையிலிருந்து 1864-இல் ஜெர்மானிய ரசாயன நிபுணர்கள் பிரித்தெடுத்த ஆல்கலாய்டே பைசோஸ்டிக்மின். நம் மூளையில் ஞாபக சக்திக்கும் கவனத்துக்கும் துணைபுரியும் அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனம், ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைச் சேர்ப்பித்த மாத்திரத்தில், அதைச் சிதைத்து அகற்றுவதற்கென்றே ஒரு நொதி அங்கே காத்திருக்கிறது. தூது முடிந்தவுடன் தூதனையே தீர்த்துக்கட்டும் காவலன் என்று அதைச் சொல்லலாம். பைசோஸ்டிக்மின் அந்த நொதியின் வினைபுரியும் இடத்தையே பற்றிக்கொண்டு சிறிது நேரம் அதை முடக்கிவிடுவதால், அசிட்டைல்கோலின் சிதையாமல் பெருகுகிறது. அளவு மிஞ்சினால் மூச்சடங்கி மரணம். அளவறிந்து கொடுத்தால் ஔஷதம். அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட ரிவாஸ்டிக்மின் இன்று அல்ஸைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. நோயை அது நிவர்த்தி செய்வதில்லை, மறதியின் கடுமையைச் சிலருக்குச் சிறிது காலம் தணிக்கிறது.