வீட்டில் தமிழ் வாசிக்கப் பழக்குதல்

தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், குழந்தை அத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் துணையெழுத்துகளும் பிடிபட்டால் பெரும்பாலான உயிர்மெய்கள் எளிதில் வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் வடிவம் மெய்க்கு மெய் மாறுவதால் தனிப் பயிற்சி தேவை.

குழந்தைகள் அதிகம் தடுமாறுவது ஒற்றைக்கொம்பிலும் இரட்டைக்கொம்பிலும்தான். இவை மெய்க்கு முன்னால் எழுதப்பட்டு, பின்னால் ஒலிக்கின்றன. 'கொடி' என்பதிலோ குறி ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. இங்கே திணறும் பிள்ளையை மந்தம் என்று அதட்டுவோர் உண்டு. சிக்கல் எழுத்தமைப்பில்தான் இருக்கிறது. 'கொ' முழுவதையும் ஒன்றாகச் சுட்டி, ஒரே ஒலியாகச் சொல்லிக் காட்டலாம்.

'கல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கும். இதற்கு விதி சொல்லத் தேவையில்லை. பேச்சில் பழகிய சொற்களைத் தந்தால் நாக்கே திருத்திக்கொள்ளும். 'போகிறேன்' என்பதைப் பிள்ளை 'போறேன்' என்று வாசித்தால் பொருள் புரிந்துவிட்டது என்று அறியலாம். விடுபட்ட எழுத்தை ஒருமுறை விரலால் காட்டினால் போதும்.