உங்கள் பெட்டியில் யாருக்கு இடம்?

நேற்றுவரை ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்தினால் வந்த செய்திச் சேனல் இன்று அங்கே இல்லை. தேடிப் பார்த்தால் நானூறுக்கு மேல் எங்கோ, பெயர் தெரியாத விற்பனைச் சேனல்களுக்கு நடுவே கிடக்கிறது. கேபிள்காரரைக் கேட்டால், "கன்ட்ரோல் ரூம்ல மாத்திட்டாங்க சார், நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது யார் கையில் இருக்கிறது, மாற்றுவதற்கு அவர்களுக்கு எவ்வளவு அதிகாரம், தட்டிக் கேட்க நமக்கு என்ன உரிமை என்பதெல்லாம் மாதாமாதம் பணம் கட்டும் பல வீடுகளுக்குத் தெரியாது. கேட்க ஆளில்லை என்பதால்தான் இத்தனை சுலபமாக மாற்றிவிடுகிறார்கள்.

இந்தியாவில் மத்திய அரசின் அனுமதி பெற்ற தனியார் செயற்கைக்கோள் சேனல்கள் சுமார் 900. அத்தனையையும் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பெரும்பாலான கேபிளிலும் டிஷ்ஷிலும் இடம் இருப்பதில்லை. அனலாக் காலத்தில் நெருக்கடி இன்னும் அதிகம். அப்போது ஒரு சேனலுக்கு மட்டுமே 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டது. கணக்குப்படி ஒரு கேபிளில் நூற்றுச் சொச்சம் சேனல்கள் போகலாம். எழுபது, எண்பது தெளிவாக வந்தாலே பெரிது. பழைய டி.வி. பெட்டிகளோ முதல் பத்துப் பன்னிரண்டு சேனல்களைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். தொழிலில் அந்த இடத்துக்கு 'பிரைம் பேண்ட்' என்று பெயர். அதைப் பிடிக்கச் சேனல்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் கொடுத்தன. 'கேரேஜ் ஃபீ' என்னும் இடவாடகை வேர்விட்டது அப்படித்தான்.

2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு டிஜிட்டல் முறை கட்டாயமானது. பெருநகரங்களில் தொடங்கி நாடு முழுவதற்கும் விதித்த கடைசிக் கெடு 2017 மார்ச் 31. இப்போது கன்ட்ரோல் ரூமில் நடப்பது வேறு கணக்கு. முன்பு ஒரே சேனல் போன அந்த 8 மெகாஹெர்ட்ஸில் இன்று வினாடிக்கு ஏறக்குறைய 38 மெகாபிட் தகவல் போகிறது. பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கினால் அதில் பத்துச் சேனல்கள் அடங்கும். எம்பெக்-4 முறையில் இருபதுகூட அடங்கும். ஹெச்.டி. என்றால் ஐந்தாறுதான். இந்தச் சேனல்களுக்குத் தனித்தனிப் பங்கு நிரந்தரமாக ஒதுக்கப்படுவதும் இல்லை. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நொடியில் அந்தச் சேனலுக்குக் குறைந்த தகவல் போதும். அதே நொடியில் பக்கத்துச் சேனலில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடினால் அதற்கு அதிகம் வேண்டும். கன்ட்ரோல் ரூமிலுள்ள கருவி நொடிக்கு நொடி பார்த்து, இதில் மிஞ்சுவதை அதற்குக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு இது. ஆனால் பத்துப் பேருக்கு வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து இலைக்குப் பரிமாறுவதுபோல அளவுக்கு மீறிச் சேனல்களை அடைத்தால், சண்டைக்காட்சியிலும் மழைக்காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டி.வி. பெட்டி பழுதென்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மற்ற சேனல்களையும் போட்டுப் பாருங்கள். வேகமான காட்சிகளில், அதுவும் சில சேனல்களில் மட்டும் உடைந்தால் பழுது உங்கள் வீட்டில் இல்லை என்றே சந்தேகிக்கலாம்.

இடம் குறைவு என்றால் அதற்கு விலை உண்டு. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் கொண்டுவந்த விதிப்படி, கேபிள் அல்லது டி.டி.எச். நிறுவனம் சாதாரண சேனல் ஒன்றிடம் ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 காசுவரை இடவாடகை வாங்கலாம். 20 காசுதானே என்று தோன்றும். 10 லட்சம் இணைப்புள்ள ஒரு நிறுவனத்துக்கு அது மாதம் 2 லட்சம், வருடத்துக்கு 24 லட்சம் ரூபாய். இது ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும். தமிழில் ஒரு சிறு செய்திச் சேனலோ கல்விச் சேனலோ நடத்துபவர் பல நிறுவனங்களுக்கு இப்படிக் கட்ட வேண்டும். சந்தாதாரர்களில் 5 சதவீதம் பேர் அந்தச் சேனலை எடுத்துவிட்டால் வாடகை படிப்படியாகக் குறையத் தொடங்கும் என்றது அந்த 2017 விதி. 20 சதவீதத்தைத் தொட்டால் வாடகையே கிடையாது. அதாவது கூட்டம் சேர்ந்த சேனலுக்கு இலவசம், கூட்டம் சேராத சேனலுக்கு முழுக் கட்டணம். ஆறு மாதமாக 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தச் சேனலைத் தூக்கிவிடவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வியாபாரக் கண்ணில் இது நியாயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. எண் வரிசையில் கடைசியில் தள்ளப்பட்ட சேனலை யார் தேடிப் போய் எடுப்பார்கள்? தள்ளிவைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று நீக்குவதற்கு இந்த விதி கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இடப் பங்கீடு வெறும் வியாபாரமாக மட்டும் இருந்ததில்லை. கேபிள் வலைப்பின்னலும் சேனல்களும் அரசியல் செல்வாக்குள்ளவர்கள் கையிலும் அரசின் கையிலும் இருந்துவரும் மாநிலம் இது. 2007இல் உருவான அரசு கேபிள் நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீடுகளுக்கு அது உண்மையான நிம்மதி, மறுக்க முடியாது. ஆனாலும் மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் இந்த விநியோகத் தொழிலில் இருக்கக் கூடாது என்று 2008இலும் 2012இலும் டிராய் பரிந்துரைத்தது. அரசை விமர்சிக்கும் சேனலை எங்கே வைப்பது என்பதை அரசே முடிவு செய்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் காரணம். இங்கே ஆட்சிகள் மாறியிருக்கின்றன. இருட்டடிப்புப் புகார் மட்டும் நிற்கவில்லை. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவை பொது நன்மைக்கே பயன்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அந்தச் சொத்தில் பங்குள்ளவர்கள் நாம்.

இனி, சட்டம் நம் கையில் கொடுத்திருப்பவை.

ஒரு சேனலுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டுக்கு அதை மாற்றக் கூடாது. சேனலே நின்றுபோனாலோ தன் வகையை மாற்றிக்கொண்டாலோ ஒழிய இதுதான் விதி. ஒரே மொழியில் ஒரே வகையிலான சேனல்கள் பட்டியலில் அடுத்தடுத்து வர வேண்டும். தமிழ்ச் செய்திச் சேனலைத் தெலுங்குப் பாட்டுச் சேனல்களுக்கு நடுவே ஒளித்து வைக்க முடியாது. தூர்தர்ஷனின் குறிப்பிட்ட சேனல்களைக் காட்டியே ஆக வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டம். உள்ளூர்ச் சேனல்கள் என்ற பெயரில் நிறுவனமே நடத்தும் சேனல்கள் மொத்த இடத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவை தனி வரிசையில், அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும்.

பலரும் அறியாத, மிக முக்கியமான விதி இன்னொன்று. ஒவ்வொரு விநியோக நிறுவனமும் தன் இணையதளத்தில் தன்னிடம் மொத்தம் எத்தனை சேனலுக்கு இடம், இப்போது எவையெல்லாம் ஓடுகின்றன, எவ்வளவு இடம் காலி, இடமில்லாமல் காத்திருக்கும் சேனல்கள் எந்த வரிசையில் விண்ணப்பித்தன என்பதை வெளியிட வேண்டும். முதலில் கேட்டவருக்கு முதலில் இடம். ஆகவே "இடம் இல்லை" என்ற பதிலை அப்படியே நம்ப வேண்டியதில்லை. காலியிடம் இருக்கிறதென்று அவர்களே வெளியிட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் புகாரோடு இணைக்கலாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். எந்தச் சேனலையும் தனியாக எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 'பேக்' எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கவே கூடாது. இந்த விதிகளை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம்வரை போய், 2018 அக்டோபரில் டிராய்க்குச் சாதகமாக முடிந்தது. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் 2019இல் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று உச்சவரம்போடு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. நிறுவனம் தானே கட்டணத்தை நிர்ணயிக்கலாம். ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். வரம்பு போன பிறகு நாம்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கேட்காத சேனல் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். விலை விவரங்களைப் பார்வையாளருக்குக் காட்டவென்றே பெட்டியில் 999ஆம் எண்ணை ஒதுக்கச் சொன்னார்கள். அதையும் அழுத்திப் பாருங்கள்.

பெரிய நிறுவனங்கள் சண்டை போட்டால் நடுவில் மாட்டுவது வீடுகள்தான். 2023 பிப்ரவரியில் விலை ஒப்பந்தத்தில் இழுபறி வந்து ஸ்டார், சோனி, ஜீ மூன்றும் பல கேபிள் நிறுவனங்களுக்குச் சிக்னலை நிறுத்தின. சுமார் 4.5 கோடி வீடுகளில் சேனல் போய்விட்டது என்று கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. சிக்னலை நிறுத்த எதிர்த் தரப்புக்கு மூன்று வார நோட்டீஸ் தர வேண்டும். பார்வையாளருக்கு 15 நாள் முன்பே திரையில் ஓடும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கட்டணச் சேனல் நின்றுவிட்டால், நின்ற நாள் முதல் அதற்கான பணம் உங்கள் கட்டணத்தில் குறைய வேண்டும். குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். தானாகக் குறையும் என்று இருந்துவிடாதீர்கள்.

மாதச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கிறது. அதிலும் தனியார் சேனல்களுக்கான இடம் ஏலத்தில்தான் போகிறது. எடுத்தவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள் என்பதால் தமிழ் வீடுகளுக்கு அதில் கிடைப்பது சொற்பம். ஒரு பயன் உண்டு. முக்கியமான கிரிக்கெட் போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம், தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்புக்கும் இந்த இலவச டிஷ்ஷுக்கும் மட்டுமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கேபிளில் வரும் தூர்தர்ஷனில் ஆட்டம் வராததற்கு அந்தத் தீர்ப்புதான் காரணம். அதற்காகக் கேபிள்காரரோடு சண்டை போட வேண்டாம்.

புகார் செய்வதில் முதல் தவறு, வசூலுக்கு வருபவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுவது. அவரிடம் சொல்லுங்கள், அதோடு நிறுவனத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள். சேனல் எண் தெரியும்படி திரையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பெட்டியின் எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது தராத கேபிள்காரரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் நீங்கள் வாடிக்கையாளர் என்று நிரூபிப்பதே பாடாகிவிடும். முதல் பதிலில் திருப்தி இல்லையென்றால் புகார்களைக் கவனிக்க நிறுவனம் நியமித்திருக்கும் நோடல் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். டிராய்க்கும் ஒரு பிரதி அனுப்பலாம். ஆனால் தனிநபர் புகாரை டிராய் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் இடம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தெரு முழுக்க, ஊர் முழுக்க ஒரே பாதிப்பு என்றால் நுகர்வோர் குழுவாகச் சேர்ந்து டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டாயத் தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டாமல் விட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். கேபிள் சட்டம் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது.

இன்று மாலை டி.வி. போடும்போது உங்கள் சேனல் பட்டியலை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் நான்கைந்து சேனல்களின் எண்ணைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த ஓராண்டுக்குள் அதில் ஒன்று மாறினாலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.