ஏறுமுன் உங்கள் எடையைக் கேட்டார்களா?

2001 ஆகஸ்ட் 25. பஹாமாஸ் நாட்டின் மார்ஷ் ஹார்பரிலிருந்து ஒரு சிறிய செஸ்னா விமானம் கிளம்பியது. படப்பிடிப்பை முடித்துவிட்டு அமெரிக்கா திரும்பும் பாடகி ஆலியாவும் அவர் குழுவினரும் அதில் இருந்தார்கள். ஓடுபாதையைத் தாண்டிய உடனே அது விழுந்து தீப்பிடித்தது. விமானியோடு சேர்த்து ஒன்பது பேரும் இறந்தார்கள். ஆலியாவுக்கு வயது 22.

விமானம் தாங்கும் எடையைவிடப் பல நூறு பவுண்டு அதிகமாக ஏற்றியிருந்தது விசாரணையில் தெரிந்தது. பாரம் வால் பக்கம் கூடிப்போயிருந்தது. விமானியின் உடலில் கொக்கைனும் மதுவும் இருந்தன. விமானத்தை இயக்கிய நிறுவனத்துக்காக அதை ஓட்ட அவருக்கு அனுமதியே இல்லை. இத்தனையும் சக்கரம் தரையில் இருந்தபோதே இருந்த குறைகள். அதை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

சிறு விமானத்தில் ஏறும்போது உங்கள் எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பெட்டியையும் நிறுத்துப் பார்த்தால் நல்லது. இரண்டையும் கேட்காமல் ஏற்றினால், யோசியுங்கள்.

எடைக்கு அடுத்தது விமானியின் நிலை. அமெரிக்க விதிப்படி, குடித்த எட்டு மணி நேரத்துக்குள் அவர் விமானம் ஓட்டக் கூடாது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.04 சதவீதத்தை எட்டினாலும் கூடாது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கார் ஓட்டுபவருக்கு உள்ள வரம்பில் இது பாதி. குடி வாசனையாவது மூக்குக்குத் தெரியும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் மாத்திரை தெரியாது. விபத்தில் இறந்த விமானிகளின் உடலில், நிதானத்தைக் குலைக்கக்கூடிய மருந்துகளில் மிக அதிகம் காணப்பட்டது டைபென்ஹைட்ரமைன் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2014 ஆய்வு சொன்னது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து அது. அதைச் சாப்பிட்டவர் விமானம் ஓட்ட 60 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை.

"தெரிந்த பைலட், மலிவாகக் கூட்டிப்போவார்" என்று யாராவது சொன்னால் கவனம். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் மட்டும் வைத்திருப்பவர் எரிபொருள் போன்ற செலவைப் பயணிகளோடு பங்கிட்டுக்கொள்ளலாம். கட்டணம் வாங்கக் கூடாது. வாடகைக்கு ஏற்றும் நிறுவனத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அது இருக்கிறதா, பைலட் அவர்கள் ஆள்தானா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சட்டவிரோதமாக ஓட்டிய விமானம் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் கூடும்.

அங்கே விபத்து நடந்துவிட்டால், சூழ்நிலையைப் பொறுத்து, இறந்த விமானியின் சொத்து, விமான உரிமையாளர், இயக்கிய நிறுவனம் ஆகியோர் மீது குடும்பத்தார் வழக்குத் தொடரலாம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: விபத்துக்கு இதுதான் காரணம் என்று வாரியம் சொல்லும் முடிவை, இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. குடும்பம் தனி வல்லுநரை வைத்து நிரூபிக்க வேண்டும். வழக்குத் தொடரும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் இரண்டே ஆண்டு. அதனால் பயணச்சீட்டு, பணம் செலுத்திய ரசீது, கைபேசிச் செய்திகள், கிளம்புமுன் எடுத்த படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள்.