பார்த்த சாட்சி இல்லையா? கேஸ் நிற்கும்!

விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவரை வேன் இடித்துவிடுகிறது. ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. 'சாட்சி இல்லாம கேஸ் எப்படி நிற்கும்?' என்று குடும்பம் கலங்குகிறது.

நிற்கும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், கிரிமினல் கேஸ் போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி ஆதாரம் இருந்தால் போதும். நேரில் பார்த்தவரை விசாரிக்கவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று, ராஜஸ்தான் பஸ் விபத்து வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடிபட்டவரை அனுப்பிவிட்டு, டயர் தடம், கண்ணாடிச் சில்லு, பால் கேன் கிடந்த இடம், வேனில் நசுங்கிய பக்கம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர், பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களும் தேவை.

பலர் கோட்டைவிடுவது ஆஸ்பத்திரியில்தான். பதற்றத்தில் 'வண்டியிலிருந்து விழுந்துட்டார்' என்று சொன்னால், விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். இன்சூரன்ஸ் வக்கீல் பின்னால் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். வேன் இடித்ததை, நேரத்தோடும் இடத்தோடும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மனுவுக்குக் கெடு 6 மாதம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், படுகாயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம் அரசுத் திட்டத்தில் உண்டு. வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்கலாம்.