மொறிஸ் மைனரின் பழைய உருவை மீட்டல்

மோட்டார் வண்டியின் பொருத்துவாய்களையெல்லாம் அடைத்து, மட்காட்டும் உடலும் ஒரே தகட்டில் வார்த்தனபோலத் தோன்றச் செய்தல் ஒரு காலத்தில் பெரு நாகரிகமாயிருந்தது. 1950களில் அமெரிக்க இளைஞர் ஈயத்தை உருக்கி இடைவெளிகளில் நிரப்பி, அரத்தால் வழித்து, இவ்வேலையை ஒரு கலையாகவே வளர்த்தனர். எம் நாட்டில் அழகு கருதி இதைச் செய்தோர் சிலர்; வேறு வழியின்றிச் செய்தோரே பலர். யுத்த காலத்தில் உதிரிப்பாகங்கள் அரியனவாயின. கறள் தின்ற மட்காட்டைக் கழற்றி மாற்ற இயலாதோர், கிடைத்த தகட்டை உடலோடு வைத்து ஒட்டி, மேலே பட்டி பூசி மறைத்தனர். 1990களில், குடாநாட்டிற்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சிறிது பெற்றோலாற் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய வண்டிகள் எத்துணை உழைத்தன என்பதை அறிந்தோர், அவ்வொட்டு வேலைகளை இகழார். ஆயினும், அவ்வண்டிகளை இன்று பழைய உருவிற்கு மீட்க விரும்புவோர்க்கு அவ்வேலையே முதற் தடையாக நிற்கின்றது. அத்தடையை நீக்கும் முறையை மொறிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது முதன்முதல் வைக்கப்பட்டது. அதற்குச் சிறிது முன்னர், வண்டி ஒடுக்கமாகத் தோன்றுகின்றதென எண்ணிய அவர், மாதிரி வண்டியொன்றை நெடுக்காக இரண்டாய் அறுப்பித்து, பாதிகளை விலக்கிவைத்துப் பார்த்து, 4 அங்குல அகலங் கூட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான மேட்டுப்பட்டை அவ்வகலத்தின் அடையாளமே. முன்னரே செய்யப்பட்டிருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, இடையிலே துண்டு வைத்து இணைத்தனர். எனவே, இவ்வண்டியிற் காணப்படும் கோடுகள் யாவும் வெறும் அலங்காரமல்ல. பொனற் பட்டையைப் பட்டியிட்டுச் சமப்படுத்தியவர் அழகு செய்ததாக எண்ணியிருக்கலாம். அவர் அழித்தது வண்டியின் பிறப்புச் சரித்திரத்தையாகும்.

மைனரின் நான்கு மட்காட்டுகளும் மரையாணிகளாற் பூட்டப்படுவன. பின் மட்காட்டிற்கும் உடலிற்கும் இடையே, உடலின் வர்ணத்திற்கிசைந்த மெல்லிய வார்விளிம்பு ஒன்று ஓடும். அவ்விளிம்பு காணப்படாவிடின் ஒட்டுவேலை நடந்துள்ளதென ஐயுறலாம். ஐயத்தைத் தீர்க்கச் சிறு காந்தமொன்று போதும். தடித்த பட்டியின்மேல் அது பற்றாது நழுவும். விரலாற் தட்டினால் தகடு கணீரென்னும். பட்டி மந்தமாய் ஒலிக்கும். இவையிரண்டினும் சிறந்த சாட்சி உட்புறமேயாம். மேலே கண்ணாடிபோல் மினுங்கும் தகட்டின் பின்புறத்தே சுத்தியல் வடுவும், ஒட்டிய தழும்பும், கறளும் ஒருங்கே தெரியும். வண்டியை விலைக்குக் கொள்வோர் முன்னழகைப் பார்த்துப் பணத்தை எண்ணுகின்றனர். பின்பக்கம் குனிந்து பார்ப்பவரோ அரியர்.

மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டமாய் நின்று பாரந் தாங்குகின்றது. கதவின் கீழ் ஓடும் அடித்தகடுகளும், பின் வில்லின் முனைகள் பூட்டப்படும் இடங்களும் உக்கியிருப்பின், மேற்பூச்சு எத்துணை அழகாயிருப்பினும் அவ்வண்டி ஏறத்தக்கதன்று. பட்டி அழகைக் கெடுத்ததென்பது சிறு குறை. உக்கலை மறைத்ததென்பதே பெருங்குறை. ஆதலால் முதலில் அடியைச் சோதித்தல் வேண்டும். அடித்தகட்டை வெட்ட நேரின், வெட்டுமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டமிட்டு இறுக்குக. அன்றேல் உடல் நடுவே தொய்ந்துவிடும். பின்னர் எக்கதவும் தன் வாயிலிற் பொருந்தாது.

பட்டியை அகற்றுதற்குப் பலர் சுழலும் அரைகல்லையே முதலில் நாடுகின்றனர். இது எமக்கு உடன்பாடன்று. வெப்பக் காற்றால் இளக்கிச் சுரண்டினால், தகடு தேயாது, தூசியும் குறையும். நிரப்பப்பட்டது ஈயமாயின் இன்னும் விழிப்பு வேண்டும். வெள்ளீயங் கலந்த அவ்வுலோகம் ஏறத்தாழ 183 பாகை சதமத்தில் இளகத் தொடங்கும். மெல்லிய சுவாலை காட்டித் தடித்த துணியால் வழித்தெடுக்கலாம். அதனை இயந்திரத்தால் அரைத்தலோ அரத்தாளால் உரைத்தலோ கூடாது. அத்தூசி உடம்பிற் சேர்ந்தால் நஞ்சாம். கராச்சில் விளையாட வரும் சிறுவர்க்கு அது மேலும் கொடிது.

பட்டி நீங்கியபின் ஒட்டுப் புள்ளிகள் வெளிப்படும். அவற்றை ஒவ்வொன்றாகத் துளைத்து மட்காட்டைப் பிரித்தல் வேண்டும். உளியால் நெம்பினால் உடற்பக்கத்து விளிம்பு கிழியும். மரையாணித் துளைகள் மூடுண்டிருப்பின், கழற்றிய மட்காட்டை அளவாக வைத்துத் துளையிடுதல் தகாது. அதுவே வளைந்திருக்கக் கூடும். மாற்றஞ் செய்யப்படாத வண்டியொன்றின் அளவுகளை எடுத்துக்கொள்வதே நன்று. மைனர்கள் ஏறத்தாழ 16 இலட்சம் செய்யப்பட்டமையால் ஒப்புநோக்க வண்டி கிடைப்பது கடினமன்று. புதிய தகட்டுறுப்புகளும் கிடைக்கின்றன. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையத்தின் தொடர்பால், அவ்வுறுப்புகள் எம் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்திற்கு ஏற்றுமதியாயின என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

முற்றும் பழைய உருவிற்கே மீளவேண்டுமா என வினவுவோர் உளர். கதவுத் தூணிலிருந்து கைபோல் எழும் பழைய திசைகாட்டியை எடுத்துக்கொள்வோம். 1961இல் உற்பத்தியாளரே அதனை விடுத்து மினுங்கும் விளக்குகளை வைத்தனர். அடைக்கப்பட்ட அதன் வாயைத் திறந்து கைகாட்டியை மீள வைக்கலாம். ஆயின் மினுங்கும் விளக்குகளைக் கழற்றற்க. இக்காலத்துச் சாரதிகளுட் பலர் அக்கையை நோக்கவும் மாட்டார். நோக்கினும் பொருள் விளங்கார். இருக்கைப் பட்டியும் அவ்வாறே. உருவம் பழையதாயினும் உள்ளிருப்போர் உயிர் பழையதன்று.

வர்ணம் பூசுமுன், கதவு, பொனற், மட்காட்டு அனைத்தையும் பூட்டி, சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி நிற்க, இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கதவே முதலிற் பொருந்தவேண்டியது. மட்காட்டு அதற்கு அடங்கியது. சிறு பள்ளங்களுக்கு மெல்லிய பட்டி இடுவதில் இழுக்கில்லை. இக்காலத்து இருகலவை வர்ணங்களின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. வெளியிலிருந்து காற்றூட்டும் முகமூடியின்றி அவற்றை விசிறுதல் ஆகாது.

வார்விளிம்பு கடைசியில் வருவது. மரையாணிகளை அரைவாசி இறுக்கி, விளிம்பின் வாலில் ஆணி வரும் இடங்களை வெட்டி, இடைவெளியுட் செருகி, மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாய் முறுக்குக. வண்டி நூறு மைல் ஓடியபின் அவ்வாணிகளை மறுபடியும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும்.